எட்டு முதல் பத்து ஆண்டுகள்: சீனப் போர் விமானக் காலக்கணக்கு குறித்த ஒரு மறுவாசிப்பு

சீனப் போர் விமானங்கள் எவ்வளவு விரைவில் உருவாகிப் படையில் சேர்கின்றன என்ற விவாதத்தில் எல்லாத் தரப்பும் எடுத்தாளும் சான்று ஒன்று உண்டு. 2009 நவம்பரில், சீன விமானப்படையின் 60ஆம் ஆண்டு நிறைவையொட்டி, அதன் துணைத் தளபதி ஹே வெய்ரோங் அரசுத் தொலைக்காட்சிக்கு ஒரு நேர்காணல் அளித்தார். அடுத்த தலைமுறைப் போர் விமானம் விரைவில் பறக்கும், எட்டு முதல் பத்து ஆண்டுகளில் படையில் சேரும் என்பது அவர் கூற்றின் சாரம். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், 2020இல் சீனாவிடம் ஐந்தாம் தலைமுறை விமானம் ஒன்றுகூட இருக்காது என்ற கணிப்பைச் சிகாகோவில் முன்வைத்திருந்தார். 2011 ஜனவரி 11 அன்று, கேட்ஸ் பெய்ஜிங்கில் இருந்தபோதே, செங்டுவில் அந்த அடுத்த தலைமுறை விமானமான ஜே-20 முதன்முறையாகப் பறந்தது. 2017இல் அது படையில் சேர்ந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

இந்த நிகழ்வு வரிசையை வைத்து ஆய்வுலகில் ஒரு வாதம் வேரூன்றிவிட்டது. சீனத் தரப்பு சொன்ன கெடு நிறைவேறியது, எனவே முதல் பறத்தலிலிருந்து ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளில் சீனாவால் ஒரு விமானத்தைப் படைக்குத் தர முடியும், 2024 டிசம்பர் இறுதியில் செங்டுவிலும் ஷென்யாங்கிலும் வெளிப்பட்ட வாலற்ற விமானங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும், ஆகவே 2031. இந்த ஆண்டு பிழை என்று நிறுவுவது என் நோக்கமன்று. அது சரியாகவே அமையக்கூடும். அளக்கும் கோல்தான் பழுதுபட்டது என்கிறேன்.

ஹே வெய்ரோங்கின் கூற்றைக் கவனமாகப் படிப்போம். அவர் முதல் பறத்தலிலிருந்து ஆண்டுகளை எண்ணவில்லை. பேசிய நாளிலிருந்து எண்ணினார். அப்போது விமானம் இன்னும் தரையில்தான் இருந்தது. ஆனால் செங்டுவின் வடிவமைப்பு 2008 வாக்கிலேயே தெரிவாகிவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படியானால் அவர் தந்த எண், வடிவம் தெரிவான பிறகு எஞ்சியிருந்த முழு வேலைக்கான எண். அதைப் பறத்தலுக்குப் பிந்தைய காலத்துக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பது, வீடு கட்டிய காலத்தைக் கூரை போட்ட நாளிலிருந்து கணக்கிடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, அவர் எஞ்சினைப் பற்றி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. இந்த மௌனத்தை முந்தைய ஆய்வுகள் கண்டுகொள்ளவே இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கிறது. 2017இல் படையில் சேர்ந்த ஜே-20 பறந்தது ரஷ்யாவின் ஏ.எல்-31 வகை எஞ்சின்களில். உள்நாட்டு டபிள்யூ.எஸ்-10 பொருத்தப்பட்ட ஜே-20 ஜூஹாய் கண்காட்சியில் பொதுமக்கள் முன் பறந்தது 2021இல். இந்த விமானத்துக்கென்றே கருதப்பட்ட டபிள்யூ.எஸ்-15 இரண்டும் பொருத்தப்பட்டதாக நம்பப்படும் ஜே-20இன் படங்கள் வெளிவந்தது 2023இல். எந்த எஞ்சினோடு பறக்கும்போது அந்த விமானம் ‘வந்துவிட்டது’ என்று கொள்வது? விடை 2017 என்றால் கெடு நிறைவேறியது. 2023 என்றால், முதல் பறத்தலிலிருந்து 12 ஆண்டுகள் கடந்தும் அது சோதனை நிலையில்தான் இருந்தது.

2017 செப்டம்பரில் வெளியான அறிவிப்பையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜே-20 முறைப்படி படையில் சேர்ந்துவிட்டது என்று பாதுகாப்பு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் வூ சியான் அறிவித்தார். அதே மூச்சில், பறப்புச் சோதனைகள் திட்டப்படி நடந்துவருவதாகவும் சொன்னார். சேர்ந்துவிட்டது, சோதனையும் தொடர்கிறது: இரண்டும் ஒரே அறிவிப்பில். போர்ப் பிரிவுகளிடம் விமானம் ஒப்படைக்கப்பட்டதாக விமானப்படை அறிவித்தது அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான். இதில் முரண்பாடு எதையும் நான் காணவில்லை. படையில் சேர்த்தல் என்பது அங்கே வேலை முடிந்ததற்கான சான்றிதழாக இல்லை. மேற்கொண்டு நடக்க வேண்டிய வேலையைப் படையின் கைக்கு மாற்றும் முடிவாகவே தெரிகிறது. எஞ்சினும் மின்னணுக் கருவிகளும் தொகுதிக்குத் தொகுதி மேம்படும். விமானிகளின் பயிற்சி அதற்காகக் காத்திராது.

இதைச் சீனாவின் தனித்தந்திரம் என்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. அமெரிக்க மரைன் படை 2015 ஜூலையில் எஃப்-35பி விமானத்தைப் பணிக்குத் தயார் என்று அறிவித்தபோது, அதன் மென்பொருளும் முழுமை பெறாத இடைநிலைப் பதிப்பே.

ஆக, ஜே-20 ஒன்றே மூன்று வெவ்வேறு கால அளவுகளைத் தருகிறது. ஆறரை ஆண்டு என்பது 2011 ஜனவரியில் பறந்த விமானத்திலிருந்து எண்ணினால் கிடைப்பது. ஆனால் அந்த விமானம் படைக்குப் போன விமானம் அன்று. 2014 மார்ச்சில் பறந்த, ‘2011’ என்ற எண் தாங்கிய முன்மாதிரியில் காற்று உள்வாங்கிகள் மாற்றி வரையப்பட்டிருந்தன. மூக்கின் அடியில் ஒளியியல் இலக்கு நோக்கிக்கான முகப்பு சேர்ந்திருந்தது. படைக்குப் போன வடிவம் ஏறத்தாழ அங்கேதான் உறுதிப்பட்டது. அங்கிருந்து எண்ணினால் அறிவிப்பு வரை மூன்றரை ஆண்டுகள். உரிய எஞ்சினோடு சேர்த்து எண்ணினால் ஒரு பன்னிரண்டாண்டுக்கும் மேல். ஆய்வாளர்கள் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டது, அதன் தொடக்க நாள் பளிச்சென்று தெரிந்ததால் என்றே தோன்றுகிறது.

இப்போது அந்த வாலற்ற விமானங்களில் ஒன்றான, செங்டுவின் மூன்று எஞ்சின் விமானத்துக்கு வருவோம். ஜே-36 என்பது வெளியார் இட்ட பெயர். 2024 டிசம்பர் 26 அன்று வெளியான படங்களில், முதன்மைச் சக்கரங்கள் ஒவ்வொரு காலிலும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தன. எஞ்சின் வெளியேற்று முனைகள் உடலின் மேற்பரப்புக்குள் பதிந்திருந்தன. 2025 அக்டோபர் இறுதியில் தென்பட்ட இரண்டாம் முன்மாதிரியில் சக்கரங்கள் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. முனைகள் பின்னோக்கி நீண்டு, உந்துவிசையைத் திருப்பக்கூடிய தட்டை வடிவம் பெற்றிருந்தன. உள்வாங்கிகளிலும் மாற்றம் தெரிந்தது. வாலற்ற விமானத்தில் பின்முனையை மாற்றுவது சிறு காரியமன்று. ராடார் மறைதிறன், எடைப் பகிர்வு, கட்டுப்பாட்டு மென்பொருள் மூன்றையும் அது தொடும். ஆகவே 2024இல் நாம் பார்த்தது வடிவம் உறுதிப்படாத விமானம். ஜே-20இன் முதல் முன்மாதிரிகளுக்கு இணையானது அது, ‘2011’க்கு இணையானதன்று.

இதை வைத்துச் சீனா தடுமாறுகிறது என்று எழுதுவோரும் உளர். அவர்களோடும் நான் உடன்படவில்லை. ஜே-20இன் முதல் பறத்தலுக்கும் மறுவடிவ முன்மாதிரி பறந்ததற்கும் இடையே 38 மாதங்கள். இங்கே மாறிய விமானம் பத்து மாதங்களில் வானில் இருந்தது. இரண்டு மாற்றங்களும் ஒரே அளவின அல்ல என்பதை ஒப்புக்கொண்டாலும், வரைபலகைக்கும் ஓடுபாதைக்கும் இடையிலான தொலைவு சுருங்கியிருக்கிறது என்பதை மறுப்பது கடினம்.

மூன்று எஞ்சின்கள் ஏன் என்ற கேள்வியும் காலக்கணக்கோடு பிணைந்தது. உயரப் பறப்பு, நெடுந்தொலைவு, மின்சாரத் தேவை ஆகிய காரணங்கள் சொல்லப்படுகின்றன; அவை பொருந்தக்கூடியவையே. இருப்பினும், புதிய எஞ்சின் ஒன்று முதிர்வதற்காக உடலமைப்பு காத்திருக்கக் கூடாது என்ற பட்டறிவும் இதில் பங்கு வகிக்கிறது என்பது என் துணிபு. ஒரு தலைமுறை எஞ்சினுக்காகக் காத்திருந்து நொந்த வடிவமைப்பாளர்கள், கையிலுள்ளதைக் கூடுதலாகப் பொருத்தி நேரத்தை வாங்கியிருக்கிறார்கள். இது படங்களிலிருந்து பெறும் ஊகமே. ஆவணச் சான்று இதற்கு இல்லை.

உற்பத்தித் திறன் தடையாகும் என்ற ஆட்சேபத்தை நான் பொருட்படுத்தவில்லை. ஜே-20களின் எண்ணிக்கை 300ஐ ஒட்டியிருக்கும் என்ற மதிப்பீடுகளுக்குப் பின் அந்த வாதத்துக்கு வலுவில்லை.

அப்படியானால் எங்கிருந்து எண்ணுவது? 2015 இறுதியில், வண்ணம் பூசப்படாத மஞ்சள் அடிப்பூச்சோடு, ‘2101’ என்ற எண்ணுடன் ஒரு ஜே-20 செங்டு ஓடுபாதையில் படம்பிடிக்கப்பட்டது. முன்மாதிரிகளின் எண்வரிசை முடிந்து உற்பத்தி வரிசை தொடங்கியதற்கு அதுவே வெளியுலகம் கண்ட முதல் அடையாளம். அதன் பிறகு அமைச்சக அறிவிப்புக்குத் தேவைப்பட்டது இரண்டாண்டுக்கும் குறைவு. மூன்று எஞ்சின் விமானத்தில் 2025 இறுதிவரை அப்படியொரு அடையாளம் வெளிப்படவில்லை. 2028 வாக்கில் அது தென்பட்டால், 2030இலேயே அறிவிப்பு வரலாம். அப்போது படையில் சேரும் விமானம் இடைக்கால எஞ்சின்களோடுதான் சேரும், அதன் முழுத்திறன் 2030களின் நடுப்பகுதிக்கு முன் கைகூடாது.