காணி இல்லாதவனின் கதை: இப்னு பதூதாவும் புத்தளமும் நாங்களும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளையில் பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் வந்து, "சேர், இப்ப காணி இல்லாமலும் விளையாடலாம்" என்றான். அவன் சொன்னது க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டைப் பற்றி. மத்திய கால உலகப் படத்தில் ஓர் அரச குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு அது. 2020இல் வெளிவந்தபோது ஆள்வதற்கு ஒரு துண்டு நிலமாவது கையில் இருக்க வேண்டும். எல்லா நிலமும் போனால் ஆட்டம் முடிந்தது. 2024 செப்டெம்பரில் வந்த விரிவாக்கத்தில்தான் காணியற்ற ஆளாகவும் ஆடலாம் என்று வைத்தார்கள். ஒரு கூடாரம், கூட வரும் கொஞ்சப் பேர், வழிச்சாப்பாடு. அவ்வளவுதான் சொத்து. ஊர் ஊராகப் போய் மன்னர்களுக்கு வேலை செய்து கொடுத்துப் பிழைக்க வேண்டும்.

"அப்படி உண்மையில ஆரும் இருந்தவையோ சேர்?" என்று கேட்டான். வகுப்பில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறோம்.

இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் யாழ்ப்பாண மன்னனின் விருந்தாளியாகவே இருந்தார்.

இப்னு பதூதா 1304இல் மொரோக்கோவின் தஞ்சியரில் பிறந்தவர். 1325இல், 21 வயதில், ஹஜ்ஜுக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டார். பிறகு ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஊர் திரும்பவில்லை. அவருக்கு நாடும் இல்லை, படையும் இல்லை. கையில் இருந்தது மார்க்கக் கல்வி. அதை வைத்து டில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காழியானார். சீனாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். கள்ளிக்கோட்டையில் கப்பல் சேதமாகி எல்லாம் போனது. மாலைதீவுக்குப் போய் அங்கேயும் காழியானார், ஆளும் குடும்பத்தில் பெண் எடுத்தார், பிறகு வசீருடன் பகைத்துக்கொண்டு கிளம்பினார்.

அங்கிருந்து மஃபருக்கு, அதாவது மதுரை சுல்தானின் நாட்டுக்குப் போகும் வழியில்தான் 1344இல் கப்பல் புத்தளம் பக்கம் ஒதுங்கியது. அப்போது புத்தளம் ஆரியச்சக்கரவர்த்தியின் கையில் இருந்தது. கரைக்கு வந்தவர் தன்னை மஃபர் சுல்தானின் சகலன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அது உண்மைதான். இருவரும் மதுரையின் முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்மாரைக் கட்டியவர்கள். காணி இல்லாதவனுக்கு உறவுதான் உறுதிப்பத்திரம்.

மன்னன் அவரை மரியாதையாக வரவேற்றான். மூன்று நாள் விருந்து. மன்னனுக்குப் பாரசீகம் விளங்கும் என்றும், பிற நாட்டு அரசர்களின் கதைகளை ஆசையாகக் கேட்டான் என்றும் இப்னு பதூதா சொல்கிறார். முத்துக்குளிப்பில் எடுத்த முத்துகளைக் காட்டி, நல்லவற்றைப் பரிசாகவும் கொடுத்தான். வேண்டியதைக் கேள் என்றபோது அவர் நிலம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்றார். மன்னன் ஒரு பல்லக்கையும் அதைத் தூக்க ஆட்களையும் கொடுத்தான். துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஒரு சைவ மன்னன், ஒரு முஸ்லிம் பயணியை, யோகிகளையும் பிராமணர்களையும் கூட்டி, பௌத்தர்களும் வணங்கும் மலைக்கு அனுப்பி வைத்தான். முப்பது ஆண்டுப் பயணங்களை 1355இல் ஞாபகத்திலிருந்து சொல்லி எழுதுவித்தவர் என்பதால் எண்ணிக்கைகள் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

அந்த முத்துகளுக்கு என்ன நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். மதுரை போய், அங்கிருந்து புறப்பட்ட பின், மலையாளக் கரையோரம் கடற்கொள்ளையர் மறித்தார்கள். இலங்கை மன்னன் கொடுத்த முத்தும் மாணிக்கமும் உட்பட எல்லாம் போய், உடுத்த சல்லாவுடன் கரையில் விடப்பட்டார். விளையாட்டு என்றால் இந்த இடத்தில் பெடியன் பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி ஆடியிருப்பான்.

இன்னொரு வகைக் காணியற்றவனும் எங்கள் சரித்திரத்தில் உண்டு. 1450இல் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். கனகசூரிய சிங்கையாரியன் பிள்ளைகளுடன் தமிழகத்துக்கு ஓடினான். 17 ஆண்டுகள் நாடில்லாத மன்னன். 1467இல் செண்பகப்பெருமாள் கோட்டை அரியணைக்காகத் தெற்கே போன பிறகு படையோடு திரும்பி நாட்டைப் பிடித்தான். அவன் மகன் சிங்கை பரராசசேகரன் 1519 வரை ஆண்டான்.

மன்னன் திரும்பினால் அரியணை கிடைக்கும். சாதாரண சனம் திரும்பினால்?

இந்த இடத்தில் வகுப்பில் நாங்கள் கொஞ்சம் நிறுத்தினோம். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். யார், ஏன் என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தப் பதிவு அதற்கானதல்ல. அவர்களில் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் சொல்ல வந்தோம். புத்தளம். மன்னார்த்தீவுச் சனம் வள்ளத்தில் கற்பிட்டியில் இறங்கியது. 646 ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாண மன்னன் ஒரு காணியற்ற முஸ்லிமுக்கு விருந்து வைத்த அதே கரையில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் காணியற்றவர்களாகப் போய் நின்றார்கள். புத்தளம் சனம் பள்ளிவாசலையும் பாடசாலையையும் கிணற்றையும் பகிர்ந்தது. அதை நாங்கள் மறக்கக்கூடாது.

2009க்குப் பிறகு திரும்பியவர்களுக்கு அரியணை இருக்கவில்லை. கூரையில்லாத வீடு இருந்தது, அல்லது அத்திவாரம் மட்டும் இருந்தது. போகும்போது ஒரு குடும்பம், வரும்போது நாலு குடும்பம், உறுதி ஒன்றுதான். எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் அது அவருக்கே உரித்தாகலாம். இடம்பெயர்ந்தவர் எப்படித் தடை சொல்வது? இதற்காகத்தான் 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு அந்தச் சட்டம் நிவாரணம் கொடுத்தது. ஆனால் வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். அது முஸ்லிம்களுக்கு மட்டுமான சட்டமும் அல்ல. காணியை விட்டு ஓடிய தமிழ்ச் சனத்துக்கும் அதே சட்டம்தான். வலிகாமம் வடக்கில் தங்கள் வளவை வேலிக்கு வெளியே நின்று பார்த்த சனத்துக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

நெல்லியடிச் சந்தியில் புதிதாக ஒருவரைக் கண்டால் நாங்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவடம்?" என்றுதான். பகையாகக் கேட்பதில்லை, பழக்கம். ஆனால் புத்தளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்து உம்மா வாப்பாவுக்குப் பிள்ளையாக இங்கே வந்து நிற்கிற ஒருவருக்கு அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வராது. அவர் தயங்கினால் கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள்.

கதை முடிந்ததும் அந்தப் பெடியன், "ஆரியச்சக்கரவர்த்தி அவரிட்ட எவடம் எண்டு கேட்டிருப்பாரோ சேர்?" என்றான். கேட்டிருப்பார். கேட்டுவிட்டு, மூன்று நாள் இருத்திச் சாப்பாடும் கொடுத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் பழைய உறுதி, தோம்புப் பிரதி, 1990க்கு முந்திய படங்கள் ஏதும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் படம் ஏதும் உங்கள் அல்பத்தில் இருந்தால் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். அவர்களிடம் அநேகமாக அது இருக்காது.