பதிவேடும் பொறுப்பும்: பெங்களூரில் மருத்துவரைச் சட்டம் வரையறுத்த வரலாறு
(ஈஜிபுராவை முன்வைத்து)

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநிற்பவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. கல்வியும், நோயின் அளவையும் காலத்தையும் அறியும் திறனும் அங்கு மருத்துவருக்குரிய தகுதிகளாகின்றன. இருபதாம் நூற்றாண்டுச் சட்டமோ பதிவேட்டில் உள்ள பெயரைத் தகுதியாகக் கொண்டது. இம்மாற்றத்தைத் தமிழர் மிகுதியாக வாழும் பெங்களூர் ஈஜிபுராவை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவேட்டின் தோற்றம்

மாகாண அளவிலான மருத்துவப் பதிவுச் சட்டம் பம்பாயில் 1912ஆம் ஆண்டிலும் சென்னையில் 1914ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. இவை வைத்தியர்களின் தொழிலைத் தடை செய்யவில்லை. எனினும், சட்டம் ஏற்கும் சான்றிதழ் வழங்கும் உரிமையைப் பதிவு பெற்றோர்க்கே உரியதாக்கின. இதனால் சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் தொழிலில் இருந்தும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றனர். இந்நிலையை ஆராயச் சென்னை அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலராக விளங்கினார். 1923இல் வெளிவந்த அறிக்கையில் தமிழ் வைத்தியர்களின் எழுத்துச் சான்றுகளும் இடம்பெற்றன. சித்த மருத்துவ வரலாற்றை ஆராய்வோர்க்கு அவை முதன்மை ஆதாரங்களாகும்.

பெங்களூரின் இரு எல்லைகள்

பெங்களூர் அக்காலத்தில் இருவேறு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பழைய நகரம் மைசூர் அரசின்கீழ் இருந்தது. படைவீரர் குடியிருப்பைச் சூழ்ந்த தண்டுப் பகுதியோ 1947 ஜூலை 26இல் மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்படும்வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. தமிழர் பெருமளவில் குடியேறியது இத்தண்டுப் பகுதியிலேயாகும். ஆஸ்டின் டவுன், விவேக்நகர் ஆகியவற்றை அடுத்துள்ள ஈஜிபுராவின் தமிழ் வாழ்வும் இக்குடியேற்றத்தின் தொடர்ச்சி எனலாம்.

மைசூர் அரசு 1931இல் தனக்கெனப் பதிவுச் சட்டம் இயற்றியது. 1956இல் மாநிலம் விரிவடைந்தபின், பல பகுதிகளின் வேறுபட்ட சட்டங்களை ஒருமுகப்படுத்தும் தேவை எழுந்தது. அதன் பயனாக 1961இல் இரு சட்டங்கள் உருவாயின. ஒன்று நவீன மருத்துவர்க்குரியது. மற்றொன்று ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலிய முறையினர்க்குரியது. சித்த வைத்தியரும் இதனால் சட்ட ஏற்புப் பெற்றார் என்பது உண்மை. ஆயினும் அவ்வேற்பு தனிப் பதிவேட்டின் வழியே வந்தது. இப்பிரிவின் விளைவு பின்னர்ப் பொறுப்புச் சட்டத்தில் வெளிப்படுகிறது.

பொறுப்பின் விரிவு

கட்டணம் பெறும் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓமியோபதிப் பதிவு பெற்ற ஒருவர் நவீன மருந்து வழங்கியதே கவனக்குறைவாகும் என 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, குற்ற வழக்கிற்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, பெருங்கவனக்குறைவு வேண்டும் என வரையறுத்தது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்கும்போது, நோயாளிக்கு இழப்பீட்டு வழி திறக்கப்பட்டதையும், மருத்துவர்க்குச் சிறை அச்சத்திலிருந்து ஓரளவு காப்பு அளிக்கப்பட்டதையும் அறியமுடிகிறது.

கர்நாடகத்தில் 2007ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், மருத்துவரோடு மருத்துவ இடத்தையும் பதிவுக்கு உட்படுத்தியது. ஈஜிபுராவின் குறுந்தெருவில் ஓர் அறையில் இயங்கும் மருந்தகமும் பெருமருத்துவமனையும் இவ்வகையில் ஒரே சட்டத்தின்கீழ் வந்தன. 2017இல் கொணரப்பட்ட திருத்த வரைவை எதிர்த்து, அவ்வாண்டு நவம்பரில் தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் கடுமை தளர்த்தப்பட்ட வடிவில் திருத்தம் நிறைவேறியது. எனினும், அவசர நிலையில் முன்பணம் கோராது சிகிச்சை அளித்தல், நிலுவைத் தொகையைக் காட்டி இறந்தவர் உடலை நிறுத்திவைக்காமை ஆகியன அதில் இடம்பெற்றன. கூலித் தொழிலாளர் மிகுந்த பகுதிகளுக்கு இவை உயிர்ப்பான விதிகளாகும்.

இரு பதிவேடும் இருவேறு தண்டனையும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தோர்க்கு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது. மருத்துவச் செயல்முறையின்போது அது நேர்ந்து, செய்தவர் பதிவு பெற்ற மருத்துவராயின் உச்சவரம்பு இரண்டு ஆண்டுகளாகும். ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்பதற்கு அப்பிரிவு தரும் விளக்கமோ தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இன்கீழ் பதிவானவரை மட்டுமே சுட்டுகிறது. சித்த மருத்துவர்கள் 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தின்கீழ் வருவோர் ஆவர். எனவே, சட்டச் சொற்களை அவ்வாறே கொண்டால், முறையான பட்டமும் பதிவும் பெற்ற சித்த மருத்துவர்க்கு அக்குறைந்த வரம்பு பொருந்தாது.

முடிவுரை

நோயாளியைப் போலி மருத்துவரிடமிருந்து காக்கப் பதிவேடு இன்றியமையாதது. பதிவின்றித் தொழில் செய்யும் பரம்பரை வைத்தியர்க்கு உரிமையில்லை என 2018இல் உச்சநீதிமன்றம் கூறியதன் அடிப்படையும் இதுவே. ஆனால், பதிவை வலியுறுத்தும் சட்டம், பதிவு பெற்ற இருவரை ஒரே பிழைக்கு இருவேறாக அளப்பது அந்நோக்கத்தோடு பொருந்தவில்லை. தமிழில் ‘மருத்துவர்’ என்னும் சொல் இருவரையும் ஒருசேரக் குறிக்கிறது. சட்டத்தின் விளக்கம் ஒருவரை மட்டும் குறிக்கிறது. இவ்விடைவெளியின் வரலாற்றை உஸ்மான் குழுச் சான்றுகளிலிருந்து தொடங்கி விரிவாக ஆராய்தல் தமிழ்த் துறைகளின் கடமையாகும்.