லேபிளை உரித்த இசைத்தட்டு: சாம்பிள் இசையும் பறையடித்த கையும்

"சாம்பிள் எடுத்து மியூசிக் போடுறது திருட்டுதானே அண்ணே?" ராயகிரி, சங்கரன்கோவில் பக்கத்துத் தம்பிகளும் தங்கைகளும் லேப்டாப்பில் பறையடியை வெட்டி ஒட்டிப் பாட்டு செய்யத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயம் இல்லை இது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள், எடுத்தபோது எது காணாமல் போனது என்று வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே பதிவான இசையிலிருந்து சில நொடிகளை வெட்டி, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புதிய இசையைக் கட்டுவதுதான் சாம்பிளிங். அதன் தொடக்கத்தைச் சொல்பவர்கள் 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்வார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த இடத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த கொண்டாட்டம். ஜமைக்காவிலிருந்து குடியேறிய டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் ஆடுகிறது என்று அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்று முடிய மற்றொன்று என்று அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் இசைத்தட்டையே வாத்தியமாக்கிய கதை இது. இதைத் திருட்டு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஹெர்க் இன்னொன்றும் செய்தார். தன் இசைத்தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் ஒட்டியிருந்த லேபிளை உரித்துவிட்டார். எந்தப் பாட்டு, யார் பாட்டு என்று போட்டி டிஜேக்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. தொழில் ரகசியம்தான். ஆனால் ஒலி இருக்கும், பெயர் இருக்காது என்ற நிலை அந்தத் தட்டிலேயே தொடங்கிவிட்டது.

அதன் விளைவை ஒரு மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 'ஆமென், பிரதர்' என்றொரு பாட்டைப் பதிவு செய்தது. அதன் நடுவில் சுமார் ஏழு நொடி டிரம்ஸ் மட்டும் வரும். அடித்தவர் கிரிகோரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர். அந்த ஏழு நொடியை எடுத்து உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பாட்டுகள் வந்தன. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அதன்மேல் எழுந்தன. கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி வரவில்லை. 2006-இல் வீடற்றவராக அவர் இறந்தார். 2015-இல் ரசிகர்கள் சேர்ந்து 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள். டிரம்ஸ் அடித்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் தி பவர்' (1989) கறுப்பின எழுச்சியின் பாடல். அதற்குள் ஜேம்ஸ் பிரவுன் குழுவின் டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் அடி இருக்கிறது. பாட்டை எழுதியவராக அவர் பெயர் இல்லாததால் சாம்பிள் ராயல்டி அவருக்கு வரவில்லை. விடுதலை பாடும் பாட்டிலும் அடித்த கை மறைந்துவிடலாம். நமக்கும் இது பொருந்தும்.

1991-இல் அமெரிக்க நீதிமன்றம் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. களவு செய்யாதே என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கிய தீர்ப்பு அது. அதன்பின் சாம்பிள் எடுக்க முன் அனுமதியும் பணமும் வேண்டும் என்றானது. பணம் யாருக்குப் போனது? பெரும்பாலும் பதிவு உரிமை வைத்திருந்த கம்பெனிகளுக்கும் பாட்டெழுதியவர்களுக்கும். டிரம்ஸ் அடித்தவர் அப்போதும் வெளியில்தான்.

இனி நம் பக்கம் வருவோம். தமிழ் இசையையும் உலகம் சாம்பிள் எடுத்திருக்கிறது. 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்தில் இளையராஜா இசையமைத்த பாட்டிலிருந்து பிளாக் ஐட் பீஸ் குழு 2003-இல் எடுத்தது. ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2007-இல் 'தளபதி' பாட்டிலிருந்து எடுத்தார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவின் பெயர் தட்டில் அச்சாகியிருக்கிறது. அதனால் தன் பாட்டுக்கு உரிமை கேட்டு அவரால் நோட்டீஸ் அனுப்ப முடிகிறது. அதே காலத்துப் படப் பாட்டுகளில் பறையும் உறுமியும் தவிலும் அடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை எந்தத் தட்டில் தேடுவது?

இங்கே சாதி வேலை செய்கிறது. பறையடிப்பது கலையாக மதிக்கப்படவில்லை, ஊருக்குச் செய்ய வேண்டிய கடமையாகத் திணிக்கப்பட்டது. சாவுக்கு அடி, கொடைக்கு அடி, கூலி கேட்காதே, கொடுக்கும் நெல்லை வாங்கிக்கொள் என்றார்கள். அடித்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, சாதி சொல்லிக் கூப்பிட்டார்கள். அதனால்தான் நம் மூத்தவர்கள் பல ஊர்களில் இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதற்காக அடியும் ஊர்விலக்கும் வாங்கினார்கள். பிறகு அதே பறை விடுதலை இசையாக மேடை ஏறியது. 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது வரை அந்தப் பயணம் வந்திருக்கிறது. அப்படி மீட்ட பறை இன்று 'நாட்டுப்புற ஒலி' என்ற பொதுப் பெயரில் கணினிக்குள் போகிறது. நாட்டுப்புறம் என்று சொல்லிவிட்டால் உடைமையாளர் இல்லை, கேட்க ஆளில்லை. ஊர்ச் சொத்து என்று சொல்லி இலவசமாக அடிக்கவைத்த பழைய வழக்கத்தின் புது வடிவம்தான் இது.

பெயர் தெரிந்த கலைஞருக்கே இந்தப் போராட்டம் உண்டு. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு பாட்டாக்கினார். டிஜே ஸ்நேக் அதை ரீமிக்ஸ் செய்தபோதும், ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படம் வெளியிட்டபோதும், அறிவு எங்கே என்று பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேட்டார்கள். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தபோது, அதில் தன் உழைப்பு என்ன என்பதை அறிவே வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தன் பங்கைச் சொன்னார். தங்கள் மூவருக்குமே அந்தப் பாட்டிலிருந்து வருமானம் வரவில்லை என்று அவர் 2024-இல் கூறினார். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டிலேயே இந்த நிலை என்றால், பெயரே பதிவாகாத ஒரு மேளக்காரரின் நிலையை யோசியுங்கள்.

சட்டம் முழுக்கக் கைவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. நிகழ்த்துகலைஞர் உரிமை 1994 திருத்தத்தில்தான் அதில் சேர்ந்தது. நிகழ்த்துகலைஞர் யார் என்ற பட்டியலில் பாடகர், இசைக்கலைஞரோடு பாம்பாட்டியும் உண்டு. ஆகவே பறையடிப்பவரும் உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, இதை நிகழ்த்தியவர் நான் என்று உரிமை கோரும் தார்மிக உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. ஆனால் உரிமை கோர, அன்று அடித்தவர் இவர்தான் என்ற பதிவு வேண்டும். அதை நாம்தான் உருவாக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, சாம்பிள் எடுங்கள். பிராங்ஸ் பிள்ளைகளைப் போல, இல்லாத வாத்தியத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் போனில் பதிவு செய்யும் முன் ஆசானிடம் எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். அடித்தவர் பெயர், ஊர், அடியின் பெயர், தேதி நான்கையும் எழுதி வையுங்கள். பாட்டை வெளியிடும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தப் பெயரையும் போடுங்கள். காசு வந்தால் பங்கு கொடுங்கள். எங்கோ இலவசமாகக் கிடைத்த பறையொலி என்றால், அடித்தவர் யார் என்று தேடிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பெயரில்லாமல் அடித்தது நம் தாத்தாக்களோடு முடியட்டும். நாமே லேபிளை உரிக்க வேண்டாம்.

ஜெய் பீம்.