காட்சியும் குறிப்பறிதலும்: திரைமாந்தர் இணை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒருவரை முதன்முறை காணும்போது நம் உள்ளத்தில் எழும் எண்ணத்தை முடிந்த முடிபாகத் தமிழ் மரபு கொண்டதில்லை. தலைவனும் தலைவியும் எதிர்ப்படும் நிலையைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என நான்கு படிகளாக வகுத்துக் காட்டுகிறது நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம். திருக்குறளின் காமத்துப்பாலும் இந்நெறியிலேயே தொடங்குகிறது. 109ஆம் அதிகாரம் கண்டு மருளும் நிலை. 110ஆம் அதிகாரம் குறிப்பறிதல். இந்நான்கு படிகளையும் சற்றே ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதல் மூன்றும் காண்பவன் ஒருவனுடைய உள்ளத்துள்ளேயே நிகழ்ந்து முடிபவை. நான்காவது படியோ மற்றவருடைய கண் விடை தந்தாலன்றி நிகழாது. ஒருவரை உள்ளவாறு அறிய இருவர் வேண்டும் என்பதே இதன் கருத்து.

நூல்களில் கண்ட இவ்வுண்மை நாடக மேடையிலும் வெள்ளித்திரையிலும், பின்னர் நம் இல்லங்களுக்குள் புகுந்த தொலைக்காட்சியிலும் எவ்வாறு தொடர்ந்து வந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பாத்திரத்தைப் பற்றி முதல் நாளில் நாம் கொள்ளும் எண்ணம், அப்பாத்திரம் மற்றொரு பாத்திரத்தோடு இணைந்து நிற்கும்போது மாறிவிடுகிறது. பத்திரிகைகள் 'ஜோடிப் பொருத்தம்' என்று எளிதாகச் சொல்லிச் செல்லும் செய்திக்குள் நம் பண்பாட்டு வரலாற்றின் ஒரு கூறு அடங்கியிருக்கிறது.

சேரநாட்டு இளவலின் சான்று

நாம் குடியேறி வாழும் இம்மண் பழைய சேரநாட்டின் பெயரைத் தன் பெயரிலே தாங்கி நிற்பது. அச்சேரர் குடியில் தோன்றியவர் என மரபு போற்றும் இளங்கோவடிகளிடமிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் கோவலன் கண்ணகியின் நலம் பாராட்டிப் பலவாறு பேசுகிறான். கண்ணகி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அடங்கிய, அழகிய, வாய் பேசாத ஓர் இளம்பெண் என்பதே அவளைப் பற்றி நாம் கொள்ளும் முதல் எண்ணம். அவளை அங்கே காண்பவன் கோவலன். நாமும் அவன் கண்ணாலேயே காண்கிறோம்.

தேவந்தி குண்டத்தில் நீராடுமாறு கூறியபோது அது பெருமைக்குரியதன்று என மறுக்கும் கண்ணகி, நாம் முன்பு கண்ட கண்ணகி அல்லள். கொலைக்களக் காதையில் கணவன் தன் பிழைகளை எண்ணி வருந்தும்போது, அவன் செய்தது போற்றா ஒழுக்கம் என்பதை மென்மையாக, ஆனால் மறைக்காமல் உணர்த்துகிறாள். கோவலன் உடைந்து பேசியதனால்தான் கண்ணகியின் உறுதி நமக்குத் தெரியவந்தது. அங்ஙனமே, கானல்வரியில் ஒருவர் பாட்டை மற்றவர் ஐயுற்றதனால் பிரிந்த மாதவியைப் பற்றிக் கோவலன் கொண்ட எண்ணம், கோசிகன் கொணர்ந்த ஓலையைப் படித்த பின்னரே மாறுகிறது. ஐயத்திலேயே நின்றுவிட்ட ஒரு காட்சியின் விலையை இக்காப்பியத்தைப் போல் உணர்த்தும் நூல் பிறிதொன்று இல்லை எனலாம்.

நாஞ்சில் நாடும் பூஜப்புரையும்

இனித் திரைக்கு வருவோம். தமிழ்த் திரையின் இணைகளைப் பற்றிப் பேசுங்கால் பழைய திருவிதாங்கூரைத் தவிர்த்துப் பேசுதல் இயலாது. நகைச்சுவையில் இணையின் இலக்கணத்தை வகுத்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் பிறந்த நாகர்கோவில் ஒழுகினசேரி, 1956இல் மாநில எல்லைகள் மாறும்வரை நம் திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர். அவரும் டி. ஏ. மதுரமும் இணைந்து தோன்றிய காட்சிகளில் பெரும்பாலும் ஏச்சும் எதிர்ப்பேச்சும் முதலில் வரும். ஏமாளியாகத் தோன்றியவன் அறிவாளியாகவும், வாயாடியாகத் தோன்றியவள் பரிவுடையவளாகவும் தெளிவது பின்னர்தான். ஒருவர் சொல்லுக்கு மற்றவர் தரும் மறுமொழியே அத்தெளிவைத் தந்தது. தனித்தனியே அவர்கள் சிரிக்க வைத்தார்கள். சேர்ந்து நின்றபோது சிந்திக்க வைத்தார்கள்.

அக்கலைவாணர் இயக்கி 1952இல் வெளிவந்த 'பணம்' என்னும் படத்தில் சிவாஜி கணேசனும் பத்மினியும் இணைந்து நடித்தனர். பிற்காலத்தில் தமிழர் உள்ளத்தில் நிலைபெற்ற அவ்விணை உருவானது அங்கேதான். நாஞ்சில் நாட்டவர் ஒருவர் இயக்க, திருவனந்தபுரம் பூஜப்புரையைச் சேர்ந்த நடனமணி ஒருவர், சோழநாட்டுப் பின்னணி கொண்ட நடிகர் ஒருவரோடு இணைந்தார் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியன்றோ! லலிதா, பத்மினி, ராகினி என்னும் திருவிதாங்கூர் சகோதரியர் மூவரும் குரு கோபிநாத்திடம் நடனம் பயின்றவர்கள் என்பதும் இங்கு நினையத்தக்கது.

இவ்விணையின் கொடுமுடி 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்'. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடராக எழுதிய கதை அது. வாரந்தோறும் வாசகர் காத்திருந்து படித்த கதையாதலின், இன்றைய தொலைக்காட்சித் தொடரின் முன்னோடி என்றே அதனைக் கொள்ளலாம். அதில் நாகசுரக் கலைஞர் சண்முகசுந்தரத்தை நாம் முதலில் காணும்போது அவர் முன்கோபி, தருக்குடையவர், தம் இசைக்கு இடையூறு நேர்ந்ததும் சினந்து எழுந்துவிடுபவர். மோகனாவோ தன் ஆற்றலை அறிந்து நிமிர்ந்து நிற்பவள். இருவருமே செருக்குடையோர் என்பதே நம் முதல் எண்ணம்.

ஆயினும் அவள் ஆட வரும்போது அவர் தூண் மறைவில் நின்று பார்க்கிறார். அவர் பார்ப்பதை அவளும் அறிகிறாள். தான் அறிந்ததை அவருக்கு உணர்த்தும் வகையிலேயே ஆடுகிறாள். அந்த ஒரு காட்சியில் இருவர் செருக்கும் நம் கண்முன் வேறொன்றாக மாறுகின்றன. அவருடைய சினம் கலையின்மீது கொண்ட பற்று எனவும், அவளுடைய நிமிர்வு தன்மானம் எனவும் விளங்குகின்றன. பின்னர் அவர் காயமுற்று மீண்டு வந்து வாசிக்கும் அவையில், அவள் அபிநயத்தால் நலம் வினவ, அவர் நாகசுரத்தால் விடை தருகிறார். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுர ஒலி அவ்விடத்தில் ஒரு பாத்திரத்தின் மறுமொழியாகவே ஒலித்தது. அகப்பொருள் இலக்கணம் கூறும் குறிப்பறிதலுக்கு இதனினும் சிறந்த திரைச் சான்று காண்டல் அரிது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1970இல் 'வியட்நாம் வீடு' வந்தது. அதே இருவர், இப்போது நரைத்த தலையர். பணி ஓய்வு பெறும் பத்மநாபனை முதலில் காணும்போது கண்டிப்பும் மதிப்பு பற்றிய பெருமிதமுமே தெரிகின்றன. நம்மைப் போன்று அலுவலகக் கோப்புகளோடு வாழ்வோர்க்கு அம்மனிதர் புதியவர் அல்லர். மனைவி சாவித்திரியின் முன் அமரும்போதே அவருடைய அச்சமும் தனிமையும் நமக்குப் புலனாகின்றன. அவர் வாய்விட்டுச் சொல்லாததை அவள் பார்வை சொல்லிவிடுகிறது.

இல்லத்துள் வந்த திரை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. திருவனந்தபுரத்தில் 1982இல் ஒளிபரப்பு வந்தது. 1985 முதல் இங்கிருந்தே மலையாள நிகழ்ச்சிகள் வந்தன. நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி ஏறும் சாலையில் மலையடிவாரத்தில் இருக்கும் நம் கல்லாற்றுப் பகுதியில், ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அதன்முன் பல வீட்டார் அமர்ந்த காலம் அது. மலையாளம் பேசும் அயலாரும் தமிழ் பேசும் நாமும் ஒரே பாயில் அமர்ந்து பார்த்தோம்.

மோகனாம்பாளைத் தஞ்சைத் தரணியின் மகளென நாம் பெருமை கொண்டால், அயல்வீட்டுச் சேச்சி அவரைப் பூஜப்புரையின் மகளென உரிமை கொண்டாடுவார். இரண்டும் உண்மையே. ஒரே திரையின் முன் இருவேறு மொழியினர் ஒருவரையொருவர் பற்றிக் கொண்டிருந்த முதல் எண்ணமும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கல்லாறு என்னும் பெயர் இரு மொழிக்கும் பொது. மலையிலிருந்து உருண்டு வரும் கற்கள் ஒன்றோடொன்று உராய்ந்தே இவ்வாற்றில் வழுவழுப்பாகின்றன. அயலாரோடு நாம் பழகிய வகையும் அத்தகையதே.

திரைப்படம் மூன்று மணி நேரத்தில் காட்சியிலிருந்து தெளிவுக்கு நம்மைக் கொண்டு செல்லும். தொடரோ அதற்கு மாதங்களையும் ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டது. 1984 ஜூலையில் தில்லியிலிருந்து தொடங்கிய 'ஹம் லோக்' 156 பகுதிகள் வந்தது. அதில் குடிகாரக் கணவன் பசேசர் ராமுக்கும் பிறர்க்கும் அடங்கிப் போகும் மனைவி பாகவந்தியை, பெண்கள் இவ்வாறு இருத்தல் ஆகாது என்பதற்கு எடுத்துக்காட்டாகவே அமைத்தனர். பார்த்தவர்களுள் பலர் அவளையே போற்றத்தக்கவளாகக் கொண்டனர் என்று அத்தொடரை ஆராய்ந்த அறிஞர்கள் கண்டனர். கணவனின் கொடுமைக்கு எதிரில் அவள் பொறுமை ஒளிர்ந்ததே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. இணையின் ஆற்றல் எழுதுவோர் கருத்தையும் மீறிச் செல்லும் என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் வந்த ராமானந்த் சாகரின் இராமாயணம் மற்றொரு சான்று. அருண் கோவிலை அதற்கு முன் விக்கிரமாதித்தன் கதையில் அரசராகக் கண்டிருந்தோம். இராமனாக வந்தபோது தொடக்கத்தில் அந்நினைவே நின்றது. தீபிகா சீதையாக அருகில் நின்ற பின்னரோ பழைய வேடம் மறைந்தது. இந்தி அறியாத நம் பாட்டியர்க்கும் அவ்விருவர் பார்வையின் பொருள் விளங்கிற்று. மிதிலையில் இருவர் கண்களும் எதிர்ப்படும் காட்சியை வால்மீகியில் இல்லாத வகையில் கம்பர் படைத்துத் தந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களாதலின், மொழி அவர்களுக்குத் தடையாகவில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பானபோது, பாட்டியர் கண்டதைப் பேரப்பிள்ளைகளும் கண்டனர்.

அன்றாடத் தொடர்கள்

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பின், புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தமிழ் அன்றாட விருந்தாயிற்று. 1999 முதல் 2001 வரை வந்த 'சித்தி' தலைப்பிலேயே ஒரு முதல் எண்ணத்தை வைத்தது. மாற்றாந்தாய் என்றால் கொடியவள் என்பது நம் கதைகள் வழிவழியாகத் தந்த எண்ணம். ராதிகாவின் சாரதா, குழந்தை காவேரியோடு கொண்ட பாசத்தால் அச்சொல்லின் நிறத்தையே மாற்றினார். இணை என்பது காதலர்க்கு மட்டும் உரியதன்று; தாயும் சேயும் இணையே.

பகைவரும் இணையே. 2003 முதல் 2009 வரை வந்த 'கோலங்கள்' தொடரில் தேவயானியின் அபியும் அஜய் கபூரின் ஆதியும் எதிரெதிர் நின்றனர். அமைதியான, எதனையும் தாங்கிக்கொள்ளும் பெண்ணாக நாம் முதலில் கண்ட அபியின் நெஞ்சுரத்தை வெளிக்கொணர்ந்தது ஆதியின் பகையே. நல்ல எதிரி ஒருவன் இல்லாவிடின் அவளுடைய ஆற்றலை நாம் அறிந்திருக்க மாட்டோம். எனினும், தொடர்ந்து வந்த தொடர்களுள் பல, பகையை வளர்த்த அளவுக்குத் தெளிவை வளர்க்கவில்லை என்பதையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ஐயத்தை நீட்டுவது கதையை நீட்டும் எளிய வழி. ஆனால் ஐயத்திலேயே நிறுத்தப்படும் பாத்திரம் நம்மோடு வாழ்வதில்லை.

நமக்குரிய படிப்பினை

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் அரை நிமிடத் துணுக்குகளாகவே பலவற்றையும் காண்கின்றனர். சண்முகசுந்தரம் சினந்து எழும் துணுக்கு ஒன்று. மோகனா ஆடும் துணுக்கு ஒன்று. தூணுக்குப் பின் நின்ற பார்வைக்கும், நெடுநேரம் கழித்து நாகசுரம் தந்த விடைக்கும் இடையே உள்ள தொடர்பு அவர்களுக்குக் கிட்டுவதில்லை. காட்சி மட்டுமே கிட்டுகிறது, குறிப்பறிதல் கிட்டுவதில்லை. அரை நிமிடத்தில் ஒருவரை அளந்து முடிக்கும் பழக்கம் திரையோடு நின்றுவிடும் என்று நாம் நம்புவதற்கில்லை. பள்ளியில் புதிதாய் வந்த மாணவனையும், பக்கத்து வீட்டாரையும், ஏன், ஊரிலிருந்து வரும் உறவினரையும் அவ்வாறே அளக்கத் தோன்றும்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இது சிறு செய்தி அன்று. நாம் இங்கு வந்தபோது நம் பேச்சையும் உடையையும் கண்டு அயலார் ஓர் எண்ணம் கொண்டிருப்பர். நாமும் அவர்களைப் பற்றி ஓர் எண்ணம் கொண்டோம். அவ்வெண்ணத்தோடு நின்றிருந்தால் இன்று ஓணத்திற்கு அவர்கள் வீட்டுப் பாயசம் நமக்கும், பொங்கலுக்கு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அவர்களுக்கும் சென்றிராது. பழகப் பழகவே தெளிவு பிறந்தது.

ஆகவே சங்கத்துக் குடும்பங்கள் திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரு பழைய படத்தையோ ஒரு நல்ல தொடரின் சில பகுதிகளையோ பிள்ளைகளோடு அமர்ந்து முழுமையாகக் காணுதல் நன்று. இடையில் நிறுத்தி, 'இவரைப் பற்றி முதலில் என்ன நினைத்தாய், இப்போது என்ன நினைக்கிறாய்?' என்று கேட்போம். விடை எதுவாயினும் ஆகுக. எண்ணம் மாறுவது தோல்வியன்று, அறிவின் வளர்ச்சியே என்பதைப் பிள்ளைகள் அவ்வாறு கற்பார்கள்.