இணைய ஆட்டங்களில் போர் அறம்

சடுகுடு ஆட்டத்தில் பிடிபட்டவன் கோட்டுக்கு வெளியே சென்று அமர்கிறான். தன் கட்சியார் எதிரி ஒருவனை வீழ்த்தியதும் மீண்டும் களத்துள் வருகிறான். அவன் கோட்டைத் தாண்டிக் காலூன்றும் அந்தக் கணத்திலேயே அவனைத் தொட்டு மறுபடியும் வெளியேற்றலாம் என்றொரு விதி இருந்தால், அந்த ஆட்டம் எத்தனை நாள் நடக்கும்?

கணிப்பொறிகளை இணையத்தால் இணைத்து ஆடும் ஆட்டங்களில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது. அவ்வாட்டங்களில் மாண்டவன் மீண்டும் ஓரிடத்தில் உயிர்பெற்று எழுவான். அவன் எழும் இடத்தை அறிந்த எதிரி, ஆயுதத்தோடு அங்கேயே காத்திருந்து, அவன் கண் விழிக்கும் முன் கொன்றுவிடுவான். எழ எழக் கொல்வான். ஆட்டக்காரர்கள் இதனை ‘ஸ்பான் கேம்ப்பிங்’ என்று அழைக்கின்றனர். வலியவன் மெலியவனை வெல்வது முறைகேடு ஆகாது. பதுங்கியிருந்து தாக்குவதும் போர்த்தந்திரமே. ஆயினும் ஓடவோ, ஒளியவோ, எதிர்க்கவோ ஒரு நொடியும் இல்லாதவனைக் கொல்வதைப் போர் என்று சொல்லலாமா? பாசறையில் உறங்கியோரைக் கொன்ற அசுவத்தாமனைப் பாரதக் கதை வீரன் என்று கொண்டாடவில்லை.

இவ்வழக்கின் தொடக்கத்தை இங்கிலாந்தில் காணலாம். 1978ஆம் ஆண்டில் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா ‘மட்’ என்னும் ஆட்டத்தை எழுதத் தொடங்கினார். பின்னர் ரிச்சர்டு பார்ட்டில் அதனை விரித்து வளர்த்தார். அதில் படம் இல்லை. காடும் மலையும் புதையலும் எல்லாம் எழுத்திலேயே இருந்தன. ஒருவர் மற்றவரைக் கொல்லவும் அதில் இடம் இருந்தது. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஆட்டக்காரர்களை நால்வகையாகப் பிரித்தார்: பொருளும் புகழும் ஈட்டுவோர், புதியன தேடுவோர், பழகிப் பேச வருவோர், பிறரைத் துன்புறுத்தி மகிழ்வோர். நான்காம் வகையினர் பெருகினால் ஏனையோர் விலகிப்போவர் என்று அவர் காட்டினார். ஏனையோர் விலகினால் வேட்டுவனுக்கு இரை ஏது?

1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ நால்வர் எதிரெதிர் நின்று சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தைப் பரப்பியது. அதில் மாண்டவன் எழும்போது கையில் சிறு துப்பாக்கி ஒன்றே இருக்கும். கொன்றவனோ களத்தில் பொறுக்கிய பெரும்படைக்கலங்களோடு நிற்பான். இந்த ஏற்றத்தாழ்வே காத்திருந்து கொல்வோனுக்கு வாய்ப்பாயிற்று. இதற்குப் பரிகாரம் தேடுவது அவ்வளவு கடினமாக இல்லை. எழும் இடங்களைப் பலவாக்கி எது வாய்க்கும் என்று தெரியாதபடி செய்தனர். பின்வந்த ஆட்டங்கள் சிலவற்றில், எழுந்தவனைச் சில நொடிகள் எந்தக் குண்டும் துளைக்காதபடி வகுத்தனர். 1999இல் தோன்றிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ வேரையே வெட்டியது. அதில் மாண்டவன் அந்தச் சுற்று முடியும்வரை எழுவதே இல்லை.

சிறு களத்தில் எளிதாகத் தீர்ந்த வழக்கு, ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வாழும் கற்பனை நாட்டில் பெருஞ்சிக்கலாயிற்று. 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ‘ஆரிஜின்’ நிறுவனம் ‘அல்டிமா ஆன்லைன்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அந்நாட்டின் அரசர் ‘பிரிட்டிஷ் பிரபு’; அவ்வேடம் பூண்டவர் நிறுவனத்தை நிறுவியவருள் ஒருவரான ரிச்சர்டு கேரியட். வெளியீட்டுக்கு முந்திய ஆகஸ்டு மாதச் சோதனையின்போது, எவராலும் கொல்லப்படாதவராக இருக்கவேண்டிய அரசர், அந்தக் காப்பு மீண்டும் பூட்டப்படாத வேளையில் ஓர் ஆட்டக்காரர் ஏவிய தீ மந்திரத்தால் மாண்டார். அரசருக்கே அந்நிலை என்றால் குடிமக்கள் எம்மாத்திரம்?

நகரத்துக்குள் குற்றம் செய்தவனைக் காவலர் ஒரே வெட்டில் வீழ்த்துவர். நகர எல்லைக்கு அப்பால் காவல் இல்லை. ஆகவே கொலைஞர்கள் சாலைச் சந்திகளிலும் குகை வாயில்களிலும் காத்துக் கிடந்தனர். கோடரியோ கடப்பாரையோ ஏந்தி மரம் வெட்டவும் தாதுப்பொருள் தோண்டவும் சென்ற புதியவர்கள் வெட்டுண்டு வீழ்ந்தனர். மாண்டவன் ஆவியாகித் திரிவான். அவன் பேசுவது உயிருள்ளோருக்கு வெறும் ஊளையாகவே தெரியும். அவன் பொருளெல்லாம் கொன்றவனுக்கு. மருத்துவரைத் தேடி உயிர்பெற்றால் உடுத்த அங்கி ஒன்றே மிஞ்சும். சில கொடியவர் தாமே ஆவியை உயிர்ப்பித்து, அவன் எழுந்ததும் மீண்டும் கொன்று களித்தனர்.

ஆட்டத்தை வகுத்தோர் முதலில் தண்டனையை நம்பினர். குற்றமற்றோர் பெயர் நீலம், குற்றம் புரிந்தோர் பெயர் சாம்பல், கொலைகாரர் பெயர் சிவப்பு என நிறம் பிரித்தனர். தலைக்கு விலை வைத்தனர். கொலைகாரன் மாண்டு எழுந்தால் அவன் திறமை குறையும் என்று விதித்தனர். கொலைஞர்களோ நல்லவனைச் சூழ்ச்சியால் சாம்பல் நிறமாக்கி, அதன்பின் அச்சமின்றிக் கொன்றனர். விதி ஒரு கோடு போட்டால் அவர்கள் அதற்குள் ஒரு சந்து கண்டுபிடித்தனர்.

கொலைஞர் பக்கத்து வாதத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. ஆபத்து இல்லாத சாலையில் பயணம் செய்வதில் என்ன சுவை என்று அவர்கள் கேட்டனர். அச்சம் இருந்ததால்தான் எளியோர் கூட்டமாகச் சென்றனர். கொலைஞரை வேட்டையாடும் காவற்குழுக்களும் ஆட்டக்காரரிடையே தாமே தோன்றின. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சுவைக்கு விலை கொடுத்தவன் எப்போதும் புதியவனாகவே இருந்தான். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதே என் மறுப்பு.

1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’, தனியே ஒதுக்கிய சில களங்கள் நீங்கலாக, விருப்பமில்லாதவரைத் தாக்க இடம் தரவில்லை. மறு ஆண்டு அல்டிமா தன் உலகத்தையே இரண்டாக்கியது. டிராமல் என்னும் பகுதியில் இசைவின்றி ஒருவரை ஒருவர் தாக்க இயலாது. ஃபெலூக்கா என்னும் பகுதியில் பழைய வழக்கம் நீடித்தது. நிலமும் நகரங்களும் இரண்டிலும் ஒன்றே. தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்த உடனே மக்களில் பெரும்பாலோர் டிராமலுக்குக் குடிபெயர்ந்தனர். ஃபெலூக்காவின் சாலைகள் வெறிச்சோடின. பார்ட்டில் சொன்னது கண்முன் நிகழ்ந்தது. அங்கே மக்களை ஈர்க்க, 2002இல் திறமையை உயர்த்தும் அரிய சுருள்களை ஃபெலூக்காவின் அரக்கரை வென்றோருக்கு மட்டும் அளித்தனர். மக்கள் வந்தனர், அரக்கனோடு போராடிக் களைத்தவரைச் சூழ்ந்து சுருளைப் பறிக்கக் கொலைஞரும் உடன் வந்தனர்!

2004 நவம்பரில் தோன்றிய ‘வோர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ வேறொரு வழியை முயன்றது. அதில் மாண்டவன் இடுகாட்டிலிருந்து ஆவியாக ஓடித் தன் உடலை அடைந்து எழவேண்டும். பகைவனோ உடலருகே நின்று காத்திருப்பான். 2005இல் வீரத்துக்கு மதிப்பெண் தரும் முறை ஒன்றை ஏற்படுத்தினர். தன்னினும் மிகத் தாழ்ந்த படியில் உள்ளவனைக் கொன்றால் மதிப்பெண் இல்லை என்றனர். பரிசு இல்லையே தவிரத் தடையும் இல்லை. ஆதலால் வெறும் குரூரத்துக்காகக் கொல்வோர் கொன்றுகொண்டே இருந்தனர்.

இறுதியில் 2018இல் அதுவும் விருப்பத்துக்கே வழிவிட்டது. தலைநகரில் நின்று ‘போர்நிலை’யை ஏற்பவரே பிற ஆட்டக்காரரால் தாக்கப்படுவர், ஏற்பவருக்குச் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. ஒரு கட்சியில் ஏற்றோர் மிகுந்தும் மறு கட்சியில் குறைந்தும் போகவே, குறைந்த கட்சிக்கு ஊக்கத்தொகையை உயர்த்தினர். அதைக் கருதிப் போரில் நாட்டமில்லாதவரும் போர்நிலையை ஏற்றனர். அவர்கள் தம் காரியம் பார்த்து வெளியே போகும் பாதைகளில், எதிர்க்கட்சிக் கும்பல்கள் முன்போலவே காத்திருந்தன.