கடல் தட்பவெப்பமும் கடற்பறவைகளும்: புதுச்சேரிக் கடல்வழியிலிருந்து தென்கடல் தீவுகள் வரை

கடலின் வெப்பநிலை, காற்று, நீரோட்டம், பனிப்பரப்பு ஆகியவை மாறும்போது கடற்பறவைகளின் உணவும் ஆயுளும் இனப்பெருக்கமும் மாறுகின்றன. இந்த உறவு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எண்களால் நிறுவப்பட்டது. அதற்கான முக்கியச் சான்றுகள் பல இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளில் கிடைத்தன. புதுச்சேரிக்குக் கப்பல்களை அனுப்பிய அதே கடல்வழியின் வரலாற்றோடு பிணைந்தவை இத்தீவுகள்.

புதுச்சேரித் துறையும் பருவக்காற்றும்

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் கப்பல்கள் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. அவை திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன; சரக்கும் ஆட்களும் படகுகளில் கரை சேர்ந்தனர். ஆகவே வாடைக்காற்று தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மாலுமிகளுக்கு அச்சம் தருபவை. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயலில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் பல அழிந்தன. கப்பல்களின் வரவும் போக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தொடர்ந்து பதிவாகியுள்ளன.

வானியலாளர் லெ ஜாந்தி 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்தார். 1769 ஜூனில் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்ப்பதே அவர் நோக்கம். குறித்த நாளில் மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அவர் பின்னர் வெளியிட்ட பயணநூலில் இந்தியக் கடல்களின் காற்றுகளும் பருவங்களும் விரிவாக இடம்பெற்றன. அக்காலத்தில் கடல் தட்பவெப்பம் பற்றிய அறிவு கப்பலோட்டத் தேவையிலிருந்தே வளர்ந்தது.

சொன்னெராவின் பிழை

அதே காலத்தில் இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்த இயற்கையியலாளர் பியர் சொன்னெரா. பிரெஞ்சுத் தளமான மொரீசியசிலிருந்து (அன்றைய பெயர் இல் தெ பிரான்ஸ்) புறப்பட்ட அவர், இந்தியாவில் பல பறவைகளையும் தாவரங்களையும் விவரித்தார். தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் உள்ளது. அவர் பின்னாளில் பிரெஞ்சிந்தியாவில் அலுவலராகவும் பணியாற்றினார்.

1776இல் வெளியான நியூ கினி பயணநூலில் சொன்னெரா பென்குயின்களையும் சேர்த்திருந்தார். உண்மையில் அவர் நியூ கினிக்குச் செல்லவே இல்லை. அந்த வெப்பத் தீவில் பென்குயின்களும் இல்லை. ஆயினும் அவரது கூற்றை நம்பிய ஃபார்ஸ்டர், 1781இல் ஜென்டூ பென்குயினுக்கு 'பப்புவா' என்ற சிற்றினப் பெயரைச் சூட்டினார். பெயரிடல் விதிகளின்படி அப்பெயரே நிலைத்துவிட்டது.

இப்பிழை இன்று ஒரு பாடமாகவும் அமைகிறது. பென்குயின் எங்கே வாழும் என்பதைக் கடல்நீரே முடிவு செய்கிறது. குளிர்ந்த, ஊட்டச்சத்து மிகுந்த நீர் இருக்கும் இடத்தில்தான் அதற்கு வேண்டிய மீனும் இறால் வகை உயிர்களும் திரளும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கலாபகசுத் தீவுகளில் பென்குயின் வாழ்வதற்கும் அங்கு மேலெழும் குளிர்நீரே காரணம்.

தென்கடல் தீவுகள்

ஜென்டூ பென்குயின்கள் உண்மையில் வாழும் இடங்களில் குரோசே, கெர்கெலன் தீவுக்கூட்டங்களும் அடங்கும். 1772 ஜனவரியில் மரியோன் டூஃப்ரேனின் பயணக்குழு குரோசே தீவுகளைக் கண்டது. அடுத்த மாதம் கெர்கெலன் தம் பெயர் தாங்கிய தீவுகளை அடைந்தார். இரு பயணங்களுக்கும் மொரீசியசே தளம். 1955இல் இத்தீவுகளும் அண்டார்க்டிகாவின் அடேலி நிலமும் ஒரே பிரெஞ்சு ஆட்சிப்பகுதியாக அமைக்கப்பட்டன. அங்குள்ள நிலையங்களில் ஆய்வாளர்கள் பறவைகளுக்கு வளையமிட்டு ஆண்டுதோறும் கணக்கெடுத்தனர்.

ஏன் நீண்டகாலக் கணக்கு தேவை?

பெரும்பாலான கடற்பறவைகள் நீண்ட ஆயுள் கொண்டவை, தாமதமாகப் பருவமடைபவை. அலைந்து திரியும் அல்பட்ரோஸ் ஈராண்டுக்கு ஒருமுறை ஒரே முட்டை இடும். உணவு குறைந்த ஆண்டில் தாய்ப்பறவை முட்டையையோ குஞ்சையோ கைவிட்டுத் தன் உயிரைக் காத்துக்கொள்ளும். அடுத்த நல்ல ஆண்டில் மீண்டும் முயலும். ஆகவே ஓரிரு ஆண்டுகளில் குஞ்சு பொரிக்காவிட்டாலும் கூட்டம் அழியாது. முதிர்ந்த பறவைகள் சாகத் தொடங்கினால் மட்டும் வீழ்ச்சி வேகமாகும். இவ்விரண்டையும் பிரித்தறியப் பல பத்தாண்டுக் கணக்கு வேண்டும்.

கிடைத்த சான்றுகள்

அடேலி நிலத்தின் பேரரசப் பென்குயின் கூட்டம் 1970களின் பிற்பகுதியில் பாதியாகக் குறைந்தது. பார்பிரோ, வைமர்ஸ்கிர்ச் ஆகியோர் 2001இல் இதன் காரணத்தை வெளியிட்டனர். வெப்பமான ஆண்டுகளில் கடற்பனி சுருங்கியதால் முதிர்ந்த பறவைகள் அதிகம் இறந்தன. அதேவேளை பனி மிகப் பரந்திருந்த ஆண்டுகளில் குஞ்சு பொரிப்பது குறைந்தது. ஆக, பனி குறைந்தபோது உயிர்பிழைப்பும் மிகுந்தபோது இனப்பெருக்கமும் பாதிக்கப்பட்டன.

குரோசேயின் அரசப் பென்குயின்களில், கடல்மேற்பரப்பு சுமார் 0.3 பாகை செல்சியஸ் வெப்பமடைந்தால் முதிர்ந்த பறவைகளின் உயிர்பிழைப்பு 9 விழுக்காடு குறையும் என்று 2008இல் கணிக்கப்பட்டது. 1997இல் தென்னிந்தியப் பெருங்கடலில் ஏற்பட்ட வெப்ப மாறுபாட்டால், குளிர்நீரும் வெதுநீரும் சந்திக்கும் எல்லை தெற்கே விலகியது. இரைதேடும் தொலைவு இருமடங்காகி, கூட்டம் 34 விழுக்காடு சுருங்கியது.

எல்லா மாற்றமும் தீங்காகவில்லை. மேலைக்காற்று வலுத்துத் தெற்கே நகர்ந்ததால் குரோசேயின் அல்பட்ரோஸ்கள் விரைவாகப் பறந்து இரைதேடின. அவற்றின் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடியது. இனப்பெருக்க வெற்றியும் உயர்ந்தது என்று 2012இல் பதிவானது. காற்று இன்னும் தெற்கே விலகினால் இந்த நன்மை நீடிக்காது என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது.

வங்கக் கடலும் சோழமண்டலக் கரையும்

வங்கக் கடலின் நிலை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி முதலிய ஆறுகளின் நன்னீர் மேலே ஓர் அடுக்காகப் படிகிறது. அதனால் அடிநீரின் ஊட்டச்சத்து எளிதில் மேலே வருவதில்லை. அரபிக்கடலைவிட இங்கு உணவு உற்பத்தி குறைவு. புதுச்சேரிக் கடலில் காணும் ஆலாக்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளிகளே.

வெப்பக்கடல் ஆலாக்களுக்குச் சூரை மீன் முக்கியத் துணை. சூரை துரத்தும் சிறுமீன்கள் மேலே வரும்போது ஆலாக்கள் பாய்ந்து கொத்தும். பறவைத் திரளைப் பார்த்து மீனவர் மீன் இருக்கும் இடத்தை அறிவதும் இதனால்தான். கடல் வெப்பமாகி மீன்கூட்டம் விலகினால் பறவையும் மீனவரும் ஒரே இழப்பைச் சந்திப்பர்.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே ஆதம் பாலத்தின் மணல்திட்டுகளில் சில ஆலா இனங்கள் கூடுகட்டுகின்றன. தாழ்ந்த அத்திட்டுகளில் முட்டைகள் வெறும் மணலில் கிடக்கின்றன. கடல்மட்ட உயர்வும் புயல் அலையும் அவற்றை மூழ்கடிக்கக்கூடும். 2011இன் தானே புயலும், புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை கொட்டிய 2024இன் பெஞ்சல் புயலும் இக்கரையில் கடலின் வலிமையைக் காட்டின.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அப்பணி மணல்திட்டுகளின் ஆலாக்களுக்கும் ஆண்டுதோறும் தவறாமல் விரிந்தால், இக்கடலின் மாற்றத்தையும் பறவைகளின் வாழ்வில் படிக்க முடியும். தென்கடல் தீவுகளில் 1997இன் இழப்பை இழப்பென்று அறிய முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கு யாரோ எண்ணி வைத்திருந்ததே.