போடிமெட்டு முதல் ஏர்வாடி வரை: மனநோயாளருக்கான சமூகத் துணையின் வரலாறு

கொச்சியிலிருந்து மூணாறு வழியாக வந்து, போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, போடிநாயக்கனூர், தேனி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற பழைய 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏல மலையின் விளைச்சல் சந்தைக்கு இறங்கியது. மனம் பாதிக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு உறவினர்கள் மதுரை மருத்துவரிடமும் இராமநாதபுரத்துக்கு அப்பால் ஏர்வாடி தர்காவுக்கும் சென்றடையக்கூடிய வழியும் அதுவே. மருத்துவமனைச் சுவருக்கு வெளியே குடும்பமும் ஊரும் வழிபாட்டுத் தலமும் தொண்டு நிறுவனமும் நோயாளிக்கு அளிக்கும் உணவு, உறைவிடம், கண்காணிப்பு, வேலை ஆகியவற்றைச் சமூகத் துணை என்று கொண்டால், அத்துணை வளர்ந்ததும் சிதைந்ததும் மீண்டதும் இவ்வொரு சாலையை ஒட்டியே புலப்படுகின்றன.

மலையடிவாரக் கிராமங்களில் ஒருவர் திடீரெனத் தமக்குள் பேசத் தொடங்கினாலோ, உறக்கமின்றி அலைந்தாலோ, அது செய்வினை, பேய், சாமி குற்றம் என்ற மூன்றில் ஒன்றாகக் கொள்ளப்பட்டு, முதலில் நாடப்பட்டவர் கோடாங்கியே ஆவார். கோடாங்கி என்பவர் உடுக்கையடித்துக் குறி சொல்லி, திருநீறு மந்திரித்துக் கொடுப்பவர். இவ்வழக்கத்தால் உரிய மருத்துவம் பலருக்குத் தாமதமாயிற்று என்பது மறுக்க முடியாதது. எனினும், பழியை நோயாளியின்மேல் சுமத்தாமல் வெளியே உள்ள ஒன்றின்மேல் ஏற்றியதாலும், உற்றார் அனைவரையும் ஓரிரவாவது அவரைச் சுற்றி அமர வைத்ததாலும், அது ஒருவகைத் துணையாக நின்றது. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் சென்று பொழுது சாயத் திரும்பும் குடும்பங்களில், பகலெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போவதே பெருந்துயரம்; கதவைப் பூட்டுவதும் கயிற்றால் கட்டுவதும் கொடுமை மனத்தைக் காட்டிலும் இந்த வறுமையிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றன.

அரசு வழங்கிய விடை வேறு திசையில் அமைந்தது. 1794இல் வாலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்ததும், 1871இல் கீழ்ப்பாக்கத்தில் 145 நோயாளிகளுடன் திறக்கப்பட்டதுமான மனநோய் மருத்துவமனை, நோயாளியை ஊரிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைத்துக் காப்பது என்ற கருத்தில் எழுந்ததாகும். நீதிபதியின் ஆணையால் ஒருவரைக் காப்பகத்தில் சேர்க்க வழிசெய்த 1912ஆம் ஆண்டுச் சட்டம், 1987இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் ரயில் வந்த பின்னரும் சென்னை தொலைவாகவே இருந்தது; கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே ஏச்சுச் சொல்லாக மாறியதால், அங்கே சென்று திரும்பியவரை ஊர் மீண்டும் ஏற்பதும் அரிதாயிற்று.

குடும்பத்தை உள்ளே அழைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு முதல் விடை 1950களில் அமிர்தசரஸிலிருந்து வந்தது. அங்கே மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளுடன் உறவினர்களையும் தங்கச் செய்தார். 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளரான சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். மனச்சிதைவு என்பது, இல்லாத குரல் கேட்பதும் அடிப்படையற்ற ஐயம் வேரூன்றுவதுமான நாட்பட்ட நோய். அதற்கு மருந்துடன் வேலையும் மறுவாழ்வும் வேண்டும் என்பதை அந்நிறுவனம் செயலில் காட்டியது. மதுரையில் 1992இல் மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை அப்பணியைத் தென்மாவட்டங்களுக்கு அருகில் கொண்டுவந்தது.

உறவினரை உடன் தங்கவைக்கும், மருத்துவர்கள் புதிதாகக் கண்ட இம்முறை கோயில்களில் முன்பே வழக்கிலிருந்தது. திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் நோயாளிகள் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், உறவினருடன் தங்கி, பூசையின்போது முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெறுவர். வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலை ஆய்ந்த மனநல மருத்துவர் இரகுராம் முதலியோர், அங்கு வந்து தங்கிய 31 பேரை வந்தபோதும் திரும்பும்போதும் மதிப்பிட்டு, நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். அங்கே தனிப்பட்ட சடங்கு எதுவும் நடைபெறவில்லை, கட்டணமும் இல்லை, காலையில் சிறு பூசை, கோயிலைக் கூட்டுதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல், உடனிருக்கும் ஓர் உறவினர் என்பனவே இருந்தன. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் அது மருந்து வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது. ஆனால், கடிந்து பேசாத இடமும் கைக்கு இலகுவான வேலையும் நோயைத் தணிக்க உதவக்கூடும் என்பதை அது எண்ண வைக்கிறது.

இதே மரபு துணையை இழந்தபோது என்ன நேரும் என்பதை ஏர்வாடி காட்டியது. சுல்தான் செய்யது இப்ராகிம் ஷஹீது அடங்கிய அத்தர்காவில் எல்லாச் சமயத்தவரும் தங்கி, தீர்த்தமும் தர்கா விளக்கில் எரியும் எண்ணெயும் பெற்று, ஊர் திரும்பும்படி கனவில் உத்தரவு கிடைக்கும்வரை காத்திருப்பர். உடனிருக்க இயலாத உறவினர்கள் பணம் செலுத்தி நோயாளியை ஒப்படைத்துச் செல்லும் தனியார் விடுதிகள் தர்காவைச் சுற்றிப் பெருகின. துணை இருந்த இடத்தில் சங்கிலி வந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அவ்விடுதிகளுள் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, விடுதிகள் மூடப்பட்டன.

அதன்பின் மருத்துவத்தை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சி வலுப்பெற்றது. நாட்டின் நான்கு மாவட்டங்களில் 1996இல் தொடங்கி, தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் நடைபெற்ற மாவட்ட மனநலத் திட்டம், இன்று தேனி உள்பட எல்லா மாவட்டங்களுக்கும் உரியது. ஏர்வாடி தர்காவிலேயே வழிபாட்டுக்கு அருகில் மருந்தும் கிடைக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடைசெய்ததோடு, சமூகத்தில் வாழும் உரிமையையும் உறுதிசெய்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

இவ்வரலாறு தரும் தீர்ப்பு தெளிவானது: உறவினர் உடனிருக்க இடம் தந்த எந்த ஏற்பாடும் நோயாளிக்கு ஆறுதலளித்தது, உறவினரை விலக்கிய ஏற்பாடு மதிலிலோ சங்கிலியிலோ முடிந்தது. போடிமெட்டின் தோட்டக் குடியிருப்பிலிருந்து தேனி மாவட்டத்தின் க.விலக்கு அரசு மருத்துவமனைக்கு ஒருவரை அழைத்துவருவோர் ஒருநாள் கூலியை இழந்தே வர வேண்டியுள்ளது. அந்தக் கூலிக்கு ஈடும், பகலில் நோயாளி அமர்ந்து வேலை செய்ய ஓர் இடமும், மாதந்தோறும் மலைக்கு ஏறிவரும் மருந்தும் கிடைக்குமாறு செய்வது அரசின் கடமை; நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவது ஊராரின் கடமை.